மூன்றில் யார் பெரியவர்? ஒரு வாய்க்கால் ஆக்கிரமிப்பை முன்வைத்து

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பாமணியாற்றிலிருந்து உங்கள் ஊருக்குப் பிரியும் பாசன வாய்க்காலின் கரையை ஒருவர் வெட்டிச் சேர்த்துக் கட்டடம் எழுப்பிவிட்டார். கிராம சபையில் தீர்மானம் போட்டீர்கள். தாசில்தாரிடம் மனு கொடுத்தீர்கள், எதுவும் நடக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் ஊர்ப் பெரியவர்கள், "காவிரிக்கே சுப்ரீம் கோர்ட் சொன்னதை யாரும் கேட்கவில்லை, உன் வாய்க்காலுக்கு யார் கேட்பார்கள்?" என்கிறார்கள். அதனால் சட்டமன்றம், அரசு, நீதிமன்றம் இந்த மூன்றில் யார் பெரியவர் என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரியவேண்டியது பதவி வரிசை இல்லை என்று நினைக்கிறேன். ஓர் உத்தரவு கையில் கிடைத்தால் அது வேலை செய்யுமா, செய்யாவிட்டால் அடுத்து யாரைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

நான் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் சிவில் வழக்கு நடத்துகிறவன். நிலம், குத்தகை, பாதை, வாய்க்கால் என்று டெல்டாவின் வழக்குகள்தான் என் தொழில். அரசியல் சாசன வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடியவன் இல்லை. அதனால் தீர்ப்புகளில் முடிவாகிவிட்டதை முடிவு என்றும், இன்னும் இழுபறியில் இருப்பதை இழுபறி என்றும், என் சொந்த அபிப்பிராயத்தை அபிப்பிராயம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

முடிவான விஷயம் முதலில். மூன்றில் யாரும் பெரியவர் இல்லை. மூன்றுக்கும் மேலே இருப்பது அரசியல் சாசனம். மூன்றும் அதிலிருந்துதான் அதிகாரம் வாங்குகின்றன. ஆனால் மூன்றுக்கும் நடுவில் ஒரே உயரத்தில் சுவர் எழுப்பியிருப்பதாக நினைக்கவேண்டாம். அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா 1948 டிசம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றையும் முழுக்கப் பிரித்துவிட வேண்டும் என்பது அது. சபை அதை ஏற்கவில்லை. நாம் எடுத்துக்கொண்டது நாடாளுமன்ற முறை. அதில் அமைச்சர்கள் சட்டமன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டமன்றத்தின் நம்பிக்கை போனால் ஆட்சியும் போய்விடும். 1955இல் ராம் ஜவாயா கபூர் வழக்கில் தலைமை நீதிபதி பி.கே. முகர்ஜி இதைத் தெளிவாகச் சொன்னார்: அதிகாரப் பிரிவினை நம் சாசனத்தில் கறாரான வடிவத்தில் இல்லை, ஆனால் அவரவர் வேலை போதுமான அளவுக்குப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒருவருக்கே உரிய வேலையை மற்றவர் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பார்வையில், சட்டமன்றத்துக்கும் அரசுக்கும் நடுவில் இருப்பது தாழ்ந்த வேலி. உயரமான மதில் நீதித்துறையைச் சுற்றித்தான் இருக்கிறது.

அந்த மதிலும் எளிதாக எழும்பவில்லை. 1816இல் மதராஸ் மாகாணத்தில் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி வந்த சட்டங்கள், போலீஸையும் மாஜிஸ்திரேட் வேலையையும் ஜில்லா நீதிபதியிடமிருந்து எடுத்துக் கலெக்டரிடம் கொடுத்தன. வரி வசூலிப்பவரும் அவரே, பிடிப்பவரும் அவரே, தண்டிப்பவரும் அவரே. கிஸ்தி கட்ட முடியாத குடியானவன் நியாயம் கேட்கப் போகவேண்டிய இடமும் கிஸ்தி கேட்ட அதே கலெக்டர் கச்சேரிதான், அதாவது அவருடைய அலுவலகம்தான். தஞ்சை ஜில்லாவில் பிறந்து, மதராஸ் உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான டி. முத்துசாமி ஐயரே முன்சீபாகவும் டெபுடி கலெக்டராகவும் இருந்து மேலே வந்தவர். அன்று அது சாதாரணம். இதைப் பிரிக்க வேண்டும் என்று காங்கிரஸ் பல பத்தாண்டுகள் கேட்டது. அதன் விளைவுதான் சாசனத்தின் 50ஆவது பிரிவு. முதலில் மூன்று ஆண்டு கெடு போட்டு எழுதினார்கள், பிறகு கெடுவை எடுத்துவிட்டார்கள். நாடு முழுக்க நீதித்துறை மாஜிஸ்திரேட், நிர்வாக மாஜிஸ்திரேட் என்று தெளிவாகப் பிரிந்தது 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடுதான். அது நடைமுறைக்கு வந்தது 1974 ஏப்ரலில்.

இன்றும் உங்கள் தாசில்தார் ஒரு நிர்வாக மாஜிஸ்திரேட். கோட்டாட்சியரும் அப்படியே. குத்தகைதாரரை வெளியேற்றக் கேட்கும் மனு சிவில் கோர்ட்டுக்குப் போகாது. 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி அது வருவாய் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருப்பவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ள அரசு அதிகாரி. சட்டமன்றம் தெரிந்தேதான் இப்படி வைத்தது. ஏழைக் குத்தகைதாரர் சிவில் கோர்ட்டில் வருஷக்கணக்கில் அலையக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் மாறுதல் உத்தரவு எப்போது வரும் என்று காத்திருக்கும் ஓர் அதிகாரி, ஆளுங்கட்சிக்காரர் ஒரு தரப்பாக நிற்கும் வழக்கை விசாரிக்கும்போது அவர் தோளில் எவ்வளவு பாரம் இருக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த உத்தரவுகளை உயர் நீதிமன்றம் சீராய்வு செய்யலாம் என்று சட்டத்தில் ஒரு கதவு இருப்பதால்தான் இந்த ஏற்பாடு தாங்குகிறது.

சரி, காவிரிக்கு வருவோம். பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும். மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்ச் சண்டையில் நீதிமன்றங்களின் கதவை அடைக்க நாடாளுமன்றத்துக்குச் சாசனத்தின் 262ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே அடைத்து, நடுவர் மன்றம் என்ற வழியைத் திறந்தது. நடுவர் மன்றத்தை அமைக்க வேண்டியது மத்திய அரசு. அது அமைக்கவில்லை. 1983இல் தஞ்சைப் பகுதி விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. 1986இல் தமிழக அரசும் மத்திய அரசிடம் முறைப்படி கேட்டது. 1990 மே 4இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: பேச்சுவார்த்தை பலிக்கவில்லை, சட்டம் உங்கள்மீது வைத்த கடமையை ஒரு மாதத்துக்குள் செய்யுங்கள். ஜூன் 2இல் நடுவர் மன்றம் அமைந்தது. கோர்ட் இதில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடப் பங்கு பிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நாடாளுமன்றம் எழுதிய சட்டத்தைக் காட்டி, அரசு செய்ய வேண்டிய வேலையை அரசையே செய்யச் சொன்னது. உங்கள் வாய்க்காலுக்கு நீங்கள் கேட்கப்போவதும் இதே வகை உத்தரவுதான். வயலில் நிற்கும் விவசாயிகள் போட்ட மனுவில் அது டெல்லியை அசைத்தது என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த வருஷம் வந்ததுதான் அதிகாரப் பிரிவினைக்கு நல்ல பாடம். 1991 ஜூன் 25இல் நடுவர் மன்றம், ஆண்டுக்கு 205 டிஎம்சி மேட்டூருக்கு வந்துசேர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 25இல், கர்நாடக அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது: தன் பாசனப் பகுதியைத் தானே காத்துக்கொள்ளும், நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு எதுவும் அதைக் கட்டுப்படுத்தாது என்று. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 22இல் ஐந்து நீதிபதிகளும் அந்த அவசரச் சட்டம் செல்லாது என்றார்கள். காரணம் நமக்கு முக்கியம். ஒரு தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டத்தைச் சட்டமன்றம் எல்லோருக்கும் பொதுவாக மாற்றலாம். இரண்டு தரப்புக்கு நடுவில் முடிவான ஒரு வழக்கின் தீர்ப்பை மட்டும் எடுத்து, இது செல்லாது என்று சட்டம் போட முடியாது. அப்படிப் போட்டால் அது சட்டம் இயற்றுவது ஆகாது, நீதிபதி வேலை ஆகிவிடும். அதுவும் தன் வழக்குக்குத் தானே நீதிபதி. இந்த விதியில் சந்தேகமே இல்லை. 1975இல் பிரதமரின் தேர்தல் வழக்கை முடித்துவைக்க நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தையே திருத்தியபோதும், அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது.

இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதற்கு 2014 மே 7 என்ற ஒரே நாள் போதும். அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஒன்று முல்லைப் பெரியாறு. 142 அடி தேக்கலாம் என்று 2006இல் நீதிமன்றம் சொன்னதும், கேரளம் 136 அடிதான் என்று சட்டத் திருத்தம் போட்டது. அது தீர்ப்பை நேராக மீறுவது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. மற்றது ஜல்லிக்கட்டுத் தடை. அந்தத் தடைக்குப் பிறகு 2017இல் தமிழகச் சட்டமன்றம், மிருகவதைத் தடுப்புச் சட்டத்தையே மாநில அளவில் திருத்தி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியது. 2023 மே 18இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலாவதில் தீர்ப்பையே அழிக்கப் பார்த்தார்கள். இரண்டாவதில் தீர்ப்பு எந்தச் சட்டத்தின்மேல் நின்றதோ அதை மாற்றினார்கள். நமக்குப் பிடித்த முடிவா, பிடிக்காத முடிவா என்பதை வைத்து இதை எடைபோடக் கூடாது. கர்நாடகத்தின் அவசரச் சட்டம் தப்பு என்றால், நாளைக்கு நம் சட்டமன்றம் அதே வேலையைச் செய்தாலும் தப்புதான்.

இனி பெரியவர்கள் சொன்ன அந்தப் பாதி உண்மை. நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5இல் வந்தது: தமிழகத்துக்கு 419 டிஎம்சி, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. அமைத்ததிலிருந்து தீர்ப்பு வரவே பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தத் தாமதத்துக்கு நிர்வாகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது, நீதி வழங்கும் முறைக்கே இதில் பெரிய பங்கு உண்டு. தீர்ப்பு அரசிதழில் வெளியானது 2013 பிப்ரவரி 19இல். வெளியான பிறகும் அதைச் செயல்படுத்தும் அமைப்பு வரவில்லை. 2016 செப்டம்பரில் தண்ணீர் திறக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, காவிரி நீர் குடிநீருக்கு மட்டுமே என்று கர்நாடகத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டன. மேலாண்மை வாரியம் அமைக்கச் சொன்னதற்கு மத்திய அரசு, அது நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வைக்க வேண்டிய திட்டம், நீதிமன்றம் அப்படி உத்தரவிட முடியாது என்றது. அதிகாரப் பிரிவினையின் பெயரிலேயே எழுப்பிய ஆட்சேபணை அது. சட்டத்தில் அந்த வரி இருப்பதும் உண்மை. ஆனால் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2002இல் சேர்த்த திருத்தம், நடுவர் மன்றத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்ற ஆணையின் வலு உண்டு என்கிறது. வலு கொடுத்த சட்டத்தையே காட்டி, செயல்படுத்த ஆளில்லாமல் வைத்திருந்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம், தமிழகத்தின் மொத்தப் பங்கில் கர்நாடகம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தரவேண்டிய அளவை 192இலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. அதோடு ஆறு வாரத்துக்குள் திட்டம் அமைக்கச் சொன்னது. கெடு முடிந்தபோது மத்திய அரசு விளக்கம் கேட்டு மனு போட்டது, தமிழகம் அவமதிப்பு மனு போட்டது. கடைசியில் 2018 ஜூன் 1இல் காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கான திட்டம் அரசிதழில் வந்தது. யாரும் சிறைக்குப் போகவில்லை, அபராதமும் இல்லை.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய காட்சி இல்லை. முன்சீப் கோர்ட்டில் டிகிரி, அதாவது தீர்ப்பாணை, வாங்கியவர் சந்தோஷமாக ஊருக்குப் போவார். மறுநாளே நிலம் கைக்கு வந்துவிடாது. நிறைவேற்று மனு போட வேண்டும், கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வர வேண்டும், எதிர்த்தரப்பு அரிவாளோடு நின்றால் போலீஸ் பாதுகாப்புக்குத் தனி மனு போட வேண்டும். நீதிபதியிடம் போலீஸும் கிடையாது, கஜானாவும் கிடையாது. கோர்ட் கட்டடத்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும். இப்படி வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள்: தீர்ப்பு சொல்பவர் கையிலேயே ஆயுதத்தையும் கொடுத்தால் பழைய கலெக்டர் கச்சேரி திரும்பி வந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்ப, எல்லா அதிகாரிகளும் உச்ச நீதிமன்றத்துக்குத் துணை நிற்க வேண்டும் என்று 144ஆவது பிரிவு இருக்கிறது, அவமதிப்பு அதிகாரம் இருக்கிறது. அரசுகளைத் தண்டிப்பதில் நீதிமன்றங்கள் தயங்குவது ஏன்? இது என் அபிப்பிராயம்தான்: நேருக்கு நேர் மோதி உத்தரவு மீறப்பட்டால் தன் சொல்லின் மதிப்பே தேய்ந்துவிடும் என்று அவை அஞ்சுகின்றன, அதனால் கெடுவை நீட்டி நீட்டியாவது பணிய வைக்கப் பார்க்கின்றன. அந்த நீட்டிப்புக்கான விலையைக் கடைமடை விவசாயி குறுவையாகவும் சம்பாவாகவும் கொடுத்தார். ஆணையம் வந்த பிறகு ஒரு மாற்றம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் விநாடிக்கு 5,000 கன அடி திறக்க ஆணையம் சொன்னதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நிபுணர்கள் பார்த்து முடிவு செய்ததை அப்படியே விட்டது. அந்த வருஷம் குறுவை பல இடங்களில் காய்ந்தது என்பதும் உண்மை. ஆணையம் மழையை வரவழைக்காது. ஆனால் பற்றாக்குறை வருஷத்தில் ஒவ்வொரு முறையும் புது வழக்குப் போடும் நிலை குறைந்திருக்கிறது.

இழுபறியான இடங்களையும் சொல்லிவிடுகிறேன். முழு நீதி வழங்க 142ஆவது பிரிவு உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அதிகாரம் எதுவரை என்பதில் தெளிவான எல்லை இல்லை. தமிழக ஆளுநர் நிறுத்தி வைத்திருந்த பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவரின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதலை அப்படி அனுமானிக்கவும் முடியாது என்றது. காரணமில்லாமல் காலவரையின்றிக் கிடப்பில் போட்டால் மட்டும் முடிவெடுக்கச் சொல்லலாம் என்றது. அந்த 'காலவரையின்றி' எத்தனை மாதம் என்பது வழக்குக்கு வழக்கு சண்டைக்கு இடம் கொடுக்கும். அடிப்படையை மாற்றுவது எது, தீர்ப்பை மீறுவது எது என்பதிலும் விளிம்பில் நிற்கும் வழக்குகள் உண்டு. ஒரு சட்டத்தை இயற்று என்று சட்டமன்றத்துக்கு நீதிமன்றம் ஆணையிட முடியாது என்பதில் மட்டும் குழப்பமில்லை.

இப்போது உங்கள் வாய்க்கால். கிராம சபைத் தீர்மானம் சட்டமும் இல்லை, ஆக்கிரமிப்பை அகற்றும் உத்தரவும் இல்லை. ஊரே கேட்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம், அதன் நகலை வாங்கி வையுங்கள். அகற்றும் அதிகாரம் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறையிடம் இருக்கிறது: 7ஆவது பிரிவில் நோட்டீஸ், பதிலைக் கேட்டபின் 6ஆவது பிரிவில் அகற்றல். அதனால் முதலில் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தின் நகல் எடுங்கள், சர்வேயர் அளக்க மனு கொடுங்கள். ஆக்கிரமித்தவர் பட்டா வைத்திருந்தால் கதை நீளும், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. தாசில்தாருக்கும் கோட்டாட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் புதிதாக ஒரு மனுவை, தேதியும் சட்டப் பிரிவும் குறிப்பிட்டு, ஒப்புகையோடு அனுப்புங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அதன்பிறகும் நகராவிட்டால், அரசு தன் கடமையைச் செய்யும்படி உத்தரவு கேட்டு, சாசனத்தின் 226ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நீங்கள் திருவாரூர் மாவட்டம், அதனால் சென்னைக்குப் போக வேண்டும். எங்கள் தஞ்சாவூர் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. ஆக்கிரமித்தவரைக் கட்டாயம் எதிர்மனுதாரராகச் சேருங்கள், அவர் தரப்பைக் கேட்காமல் வாங்கும் உத்தரவு நிற்காது. ஊர்ப் பொது நிலத்து ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் வழக்கறிஞர் காட்டுவார். பெரும்பாலும் கிடைப்பது, மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு என்ற உத்தரவு. அது அகற்றும் உத்தரவு இல்லை. தாசில்தார் பரிசீலித்து மறுக்கவும் செய்யலாம், அப்போது அந்த மறுப்பைத் தனியாக எதிர்க்க வேண்டும். அதனால் அளவை அறிக்கை ஏற்கெனவே கையில் இருந்தால், சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்று என்றே கேட்கச் சொல்லுங்கள். உத்தரவு நகல் வந்த அன்றே அதைத் தாசில்தாருக்கு ஒப்புகையோடு அனுப்பி, கெடு முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். கெடு தாண்டியும் வேலை நடக்காவிட்டால், அந்தத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் அவமதிப்பு மனு போட்டாக வேண்டும். அதற்குப் பிறகு போனால் காலம் கடந்தது என்று திருப்பிவிடுவார்கள்.